தபால்தலை, வெள்ளி டாலர், கையெழுத்துக் கடிதம்: முதலீடாக வாங்கும் முன் எதையெல்லாம் சோதிக்கணும்?

புதுஆல்பம் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. பத்து வருடம் தொடாமல் வைக்கக்கூடிய ஒரு சிறு தொகை இருக்கிறது. போனாலும் தாங்கும் அளவுதான். ஒரு பழைய சேகரிப்பு மொத்தமாக விலைக்கு வருகிறது. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சில், சில நாள் கையில் வைத்துப் பார்க்க விற்பவர் சம்மதித்திருக்கிறார். உள்ளே இருப்பவை:

- பென்னி பிளாக் (பழைய பிரிட்டிஷ் தபால்தலை) ஒன்று. சிவப்பு மால்டிஸ் கிராஸ் முத்திரை. மூன்று பக்கம் வெள்ளை ஓரம் இருக்கிறது. வலப்பக்கம் கத்தரி டிசைனையே தொட்டுவிட்டது.
- மோர்கன் டாலர் (பழைய அமெரிக்க வெள்ளிக் காசு) ஐந்து. சில கருத்துப் போயிருக்கின்றன, ஒன்றில் பச்சையாகப் பிசுபிசுப்பு. ஐந்தில் ஒன்று 1893, பின்பக்கம் 'எஸ்' மின்ட் மார்க் (எந்த ஆலையில் அடித்தது என்று காட்டும் எழுத்து).
- பிரிட்டிஷ் சவரன் (தங்கக் காசு) ஒன்று.
- 1934 தேதியிட்ட தட்டச்சுக் கடிதம், கீழே ஒரு பிரபலத்தின் கையெழுத்து. கூடவே விற்பவரே அச்சடித்துத் தந்த 'அசல் சான்றிதழ்'.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் என்னென்ன? கருத்த காசைப் பற்பசை போட்டுத் தேய்க்கலாமா? எல்லாவற்றையும் சிலிக்கா ஜெல் போட்ட ஒரே பெட்டியில் வைக்கலாமா? கேட்டலாக்கில் போட்டிருக்கும் விலையை நம்பி வாங்கலாமா? இன்னொன்று: ஒரு நிறுவனம் தபால்தலைத் தொகுப்புகளை விற்று, வருடா வருடம் குறிப்பிட்ட சதவீதம் ஏற்றித் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறது. அதில் சேரலாமா?

---

ஏலக்கணக்கு:

பற்பசையைத் தூக்கி எறியுங்கள், அதை மற்றவர்கள் விளக்குவார்கள். நான் கடைசி இரண்டு கேள்விக்கு வருகிறேன். பொருள் நூறு சதவீதம் அசலாக இருந்தும் பணம் கரைவது இங்கேதான்.

கேட்டலாக் விலை என்பது குறையில்லாத பொருளை டீலர் விற்கும் விலையை ஒட்டியது. டீலர் உங்களிடமிருந்து வாங்கும் விலை அதுவல்ல. ஓரம் வெட்டுப்பட்ட தபால்தலைக்கும் தேய்த்துக் கழுவிய காசுக்கும் அந்த எண் பொருந்தவே பொருந்தாது. கேட்டலாக்கை எது அரிது, எந்த வகை எத்தனை மடங்கு கூடுதல் என்று பார்க்கப் பயன்படுத்துங்கள். விலைக்கு, நடந்து முடிந்த ஏலங்களின் விற்பனை விலையைப் பாருங்கள். அதே பொருள், அதே தரம், கடந்த இரண்டு மூன்று வருடத்தில் குறைந்தது ஐந்து விற்பனை. அத்தனை கிடைக்கவில்லை என்றால் அந்தப் பொருளுக்குச் சந்தை மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். விற்கும்போது நீங்களும் காத்துக் கிடப்பீர்கள்.

இப்போது வெளியேறும் செலவு. ஏலத்தில் சுத்தியல் 100-க்கு விழுந்தால் (அந்த விலையில் ஏலம் முடிந்தால்), வாங்குபவர் கமிஷன் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் கையிலிருந்து போவது 120. திரும்ப விற்கும்போது விற்பவர் கமிஷன் 15 சதவீதம் என்றால், போட்ட 120 கைக்கு வர சுத்தியல் 141-க்கு விழ வேண்டும். அதாவது சந்தை 41 சதவீதம் ஏறினால்தான் நீங்கள் போட்ட இடத்துக்கே வந்து நிற்பீர்கள். வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினாலும் ஏழு வருடம் ஆகும். சான்றிதழ், காப்பீடு, அனுப்பும் செலவு எதையும் இதில் சேர்க்கவில்லை. ஆகவே பத்து வருடம் என்ற உங்கள் கணக்கு சரிதான். அதற்குக் குறைந்தால் இதில் இறங்கவே வேண்டாம்.

அரிதாக இருந்தால் ஏறத்தானே செய்யும் என்பவர்களுக்கு ஓர் உதாரணம். உலகில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் மெஜந்தாவை ஷூ டிசைனர் ஸ்டூவர்ட் வைட்ஸ்மேன் 2014-இல் சுமார் 9.5 மில்லியன் டாலருக்கு வாங்கினார். 2021 ஜூனில் அது சுமார் 8.3 மில்லியனுக்குப் போனது. அதே ஏலத்தில் அவருடைய 1933 டபுள் ஈகிள் தங்கக் காசு 18.9 மில்லியனுக்கு விற்றது. 2002-இல் அதன் விலை 7.6 மில்லியன். பெரிய லாபம் போலத் தெரியும். ஆனால் 19 வருடத்துக்கு வகுத்தால் ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. அதிலும் ஏல வீடு அறிவிப்பது வாங்குபவர் கமிஷனையும் சேர்த்த விலை. விற்றவர் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. உலகத்தின் உச்சியில் இருக்கும் பொருட்களுக்கே இதுதான் நிலை.

திரும்ப வாங்கும் திட்டம்: ஓடிவிடுங்கள். ஸ்பெயினில் அஃபின்சா, ஃபோரம் ஃபிலாதெலிகோ என்ற இரண்டு நிறுவனங்கள் இதையேதான் பல வருடம் செய்தன. 2006 மே மாதம் போலீஸ் உள்ளே நுழைந்தபோது லட்சக்கணக்கான சிறு முதலீட்டாளர்களின் பணம் சிக்கியிருந்தது. பழையவருக்குக் கொடுத்த வட்டி புதியவர் போட்ட பணம். கொடுத்த தபால்தலைகளுக்கு வெளிச்சந்தையில் அந்த விலையில் சிறு பங்குதான் மதிப்பு. இப்படி யாராவது வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தத் தொகுப்பை இன்றைக்கு உங்களைத் தவிர வேறு யார், என்ன விலைக்கு வாங்குவார்கள்?"

---

தராசுமுள்:

காசுக்கு வருகிறேன். தேவையானவை: 0.01 கிராம் காட்டும் தராசு, டிஜிட்டல் வெர்னியர், 10எக்ஸ் லென்ஸ், காந்தம், மெல்லிய நூல், ஒரு கண்ணாடி டம்ளர்.

முதலில் எடை, விட்டம். மோர்கன் டாலர் 26.73 கிராம், 38.1 மிமீ, 90 சதவீதம் வெள்ளி. சவரன் 7.988 கிராம், 22.05 மிமீ, 22 காரட். புழங்கித் தேய்ந்த மோர்கனில் அரை கிராம் வரை குறைவது சகஜம். அதற்கு மேல் குறைந்தாலோ, எடை கூடியிருந்தாலோ சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது அடர்த்தி. டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் காசு வெளியேற்றிய தண்ணீரின் எடை. உலர்ந்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. மோர்கனுக்கு 10.3 சுற்றி வர வேண்டும், தராசில் 2.59 தெரியும். தாமிரம், நிக்கல் கலப்புகள் 8.9 பக்கம் நிற்கும். பித்தளை அதற்கும் கீழே. சுத்த வெள்ளி 10.49, ஈயம் 11.34.

இதில் தப்பு வரும் இடம் காற்றுக் குமிழி. எழுத்துகளின் இடுக்கில் ஒட்டிய குமிழியும் தண்ணீரை வெளியேற்றுவதால் அடர்த்தி குறைவாகக் காட்டி, நல்ல காசைப் போலி என்று சொல்லிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி ஒட்டாது. முடிந்ததும் காய்ச்சி வடித்த நீரில் அலசி, மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். துடைக்கக் கூடாது.

சவரனுக்கு 0.01 தராசு போதாது. வெளியேறும் தண்ணீரே 0.45 கிராம்தான். 0.45 என்றால் அடர்த்தி 17.75, 0.46 என்றால் 17.37. கடைசி இலக்கம் ஒன்று ஆடினாலே விடை இவ்வளவு நகர்கிறது. 0.001 தராசு வேண்டும். அதுவும் பாஸானால் "உள்ளே தங்கம் இருக்கிறது" என்பது மட்டும்தான் உறுதி. சரியான எடையில், சரியான தங்கத்திலேயே போலிச் சவரன் அடித்து விட்டிருக்கிறார்கள். லெபனான் பக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இது ஒரு தொழிலாகவே நடந்தது. சவரனின் பின்பக்கத்துக் குதிரையின் பிடரி, ஓரப் பற்கள், எழுத்தின் விளிம்பு மழுங்கலாக, சோப்பில் செதுக்கியதுபோல் இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். அரிதான ஆண்டு என்றால் கூடுதல் கவனம். சாதாரண ஆண்டு என்றால் நீங்கள் கொடுப்பது தங்கத்தின் விலைதான், பெரிய ஆபத்து இல்லை. (24 காரட் கட்டிகளுக்கு இந்தச் சோதனையை நம்பவே வேண்டாம். டங்ஸ்டன் 19.25, தங்கம் 19.32.)

1893-எஸ்: இதுதான் உங்கள் பட்டியலில் வாயைப் பிளக்க வைக்கும் பொருள். சான் ஃபிரான்சிஸ்கோவில் அந்த வருடம் அடித்தது வெறும் 1,00,000. புழக்கத்துக்கு அடித்த மோர்கன்களிலேயே மிகக் குறைவு. அதனாலேயே போலிகளும் அதிகம். சாதாரண 1893-இல் 'எஸ்' ஒட்டுவது ஒரு வகை, 1898-எஸ் காசில் எட்டை மூன்றாக்குவது இன்னொரு வகை. உதவி என்னவென்றால், அசல் 1893-எஸ் அனைத்துக்கும் முன்பக்க அச்சு ஒன்றேதான். தலையணியில் இருக்கும் 'லிபர்ட்டி' என்ற ஆங்கிலச் சொல்லில் 'டி' எழுத்தின் மேற்பகுதியில் மேடான, சாய்ந்த ஒரு மெல்லிய கோடு இருக்கும். ரொம்பத் தேயாத காசில் 10எக்ஸ் லென்ஸில் தெரியும். கோடு இல்லை என்றால் பேச்சே இல்லை. 'எஸ்' எழுத்தின் அடியில், அது தளத்தோடு சேரும் இடத்தில், விரிசல் போல ஒரு கோடு ஓடினால் ஒட்டு வேலை.

---

புதுஆல்பம்:

ரொம்ப நன்றி. உடனே பார்த்துவிட்டேன். நான்கு மோர்கன் 26.5-இலிருந்து 26.7 வரை, தண்ணீரில் 2.57 முதல் 2.60. 1893-எஸ் மட்டும் 26.71 கிராம், தண்ணீரில் 2.98. சோப்புச் சொட்டு விட்டும் அதே எண். காந்தம் எதிலும் ஒட்டவில்லை. 'டி'-யில் கோடு எனக்குத் தெரியவில்லை, ஆனால் லென்ஸ் பழக்கமும் இல்லை.

---

தராசுமுள்:

26.71-ஐ 2.98-ஆல் வகுத்தால் 8.96. கோட்டைத் தேட வேண்டிய அவசியமே இல்லை, அது வெள்ளியே கிடையாது. மேலே முலாம். காந்தம் ஒட்டாதது ஒன்றையும் நிரூபிக்காது. தாமிரமும் பித்தளையும் ஒட்டாதவைதான். எடையைக் கச்சிதமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றால் காசு கொஞ்சம் தடிமனாக இருக்கும். வெர்னியரை ஓரத்தில் வைத்து மற்ற நான்கோடு ஒப்பிடுங்கள். ஓரத்தை லென்ஸில் சுற்றிப் பாருங்கள். வரிவரியான வெட்டுகள் ஓரிடத்தில் மங்கி, நீளவாக்கில் ஒரு தையல் ஓடினால் அது வார்ப்பு.

அந்த ஒன்றுக்காக மொத்த விலையில் எவ்வளவு ஏற்றியிருக்கிறார் என்று பாருங்கள். என் ஊகம்: பாதிக்கு மேல்.

---

ஸ்லாப்வேண்டாம்:

மீதி நான்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை. என்னென்ன ஆண்டு? 1881-எஸ், 1921 மாதிரி என்றால் கிரேடிங்குக்கு (காசின் அசலையும் தரத்தையும் சான்றளிக்கும் நிறுவனத்துக்கு) அனுப்பாதீர்கள். கட்டணமும் தபால் செலவும் காசின் மதிப்பையே தின்றுவிடும். அப்படிப்பட்ட நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986-இலும் என்ஜிசி 1987-இலும் தொடங்கியபோது, ஸ்லாப்பில் (தரத்தை எழுதி மூடிய பிளாஸ்டிக் கூட்டில்) அடைத்த காசை ஷேர் போலக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஒரு ஜுரமே அடித்தது. 1989-இல் உச்சத்துக்குப் போன விலைகள் அடுத்த சில வருடத்தில் சரிந்தன.

---

தராசுமுள்:

நான்கு சாதாரணக் காசுக்குக் கட்டணம் வீண், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்லாப்பே வேண்டாம் என்பது அதிகம். காசின் தரத்துக்கு 1 முதல் 70 வரை எண் போடும் ஷெல்டன் அளவில் 64-க்கும் 65-க்கும் கண்ணுக்கு வித்தியாசம் கடுகளவு. சில ஆண்டுகளில் விலை பல மடங்கு. அந்த இடத்தில் மூன்றாவது நபரின் தீர்ப்பு இல்லாமல் வாங்கினால் விற்பவர் சொல்வதுதான் தரம். ஸ்லாப்பில் வாங்கும்போது எண்ணைக் கிரேடிங் நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கிருக்கும் படத்தோடு காசின் கீறல்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். எண் மட்டும் சரியாக இருந்தால் போதாது, போலி ஸ்லாப்பில் நல்ல எண்ணைத்தான் அச்சடிப்பார்கள்.

கழுவுவது பற்றி. கருப்பு என்பது வெள்ளி சல்ஃபைடு, அது காசின் மேற்பரப்பிலிருந்தே உருவானது. பற்பசை, சமையல் சோடா, எலுமிச்சை, வெள்ளிப் பாலிஷ் எதைப் போட்டாலும் கருப்போடு சேர்த்து உலோகத்தையும் எடுக்கும். அச்சடித்தபோது உலோகம் வழிந்தோடி உண்டான நுண்கோடுகள்தான், ஒரே விளக்கின் கீழ் காசைச் சாய்த்தால் சுழலும் அந்த ஒளி. அது போனால் திரும்ப வராது. ஒரே திசையில் மயிரிழைக் கீறல், வெளியே வெள்ளை, எழுத்தைச் சுற்றி மட்டும் அழுக்கு: இவை கழுவிய காசின் அடையாளம். கிரேடிங்கில் எண் கிடைக்காது, 'கழுவியது' என்ற குறிப்போடு திரும்பிவரும். சீராகப் படர்ந்த இயற்கையான நிறமாற்றத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்களும் உண்டு.

பச்சைப் பிசுபிசுப்பு மட்டும் விதிவிலக்கு, அதை விட்டுவைக்கக் கூடாது. பிவிசி பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிந்த மிருதுவாக்கியும் அமிலமும்தான் அது. நாளாக ஆக உலோகத்தை அரிக்கும். சுத்தமான அசிட்டோன் வாங்குங்கள். நகப்பூச்சு நீக்கியில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், ஆகாது. சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசைச் சில நிமிடம் ஊறவிட்டு, இரண்டாவது கிண்ணத்தில் புது அசிட்டோனில் அலசி, சாய்த்து வைத்தால் தானே ஆவியாகிவிடும். தேய்ப்பது, பஞ்சால் ஒற்றுவது எதுவும் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம், பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டவே வேண்டாம். அசிட்டோன் கருப்பை எடுக்காது, எடுக்கவும் வேண்டாம்.

---

பல்துளை:

பென்னி பிளாக். 1840-இல் வந்த உலகின் முதல் ஒட்டும் தபால்தலை என்பதால் அரிது என்று நினைப்பவர்கள் ஏராளம். அச்சடித்தது 6 கோடியே 88 லட்சம். பழையது என்பதால் அரிது ஆகிவிடாது. இதில் விலையை முடிவு செய்வது நான்கு ஓரம். தலைகளைக் கிழித்தெடுக்க ஓரத்தில் போடும் பல்துளை இல்லாத காலம், தபால் ஊழியர்கள் கத்தரியால் வெட்டிக் கொடுத்தார்கள். நாலு பக்கமும் வெள்ளை நிற்பது குறைவு. உங்களுடையது மூன்று ஓரம், நான்காவது டிசைனையே தொட்டிருக்கிறது. நாலு ஓரத் தலையின் விலையில் சிறு பங்குதான் போகும். முதலீடு என்று நினைத்து வாங்க வேண்டாம், ஆசைக்கு என்றால் தாராளமாக.

சரிபார்க்க: கீழ் மூலைகளில் இரண்டு எழுத்து இருக்கும். ஒரு தாளில் 20 வரிசை, வரிசைக்கு 12 தலை. ஆகவே இடப்பக்க எழுத்து ஆங்கில 'டி' வரை, அதாவது அகரவரிசையில் இருபதாவது வரைதான் போகும்; வலப்பக்கம் பன்னிரண்டாவதான 'எல்' வரைதான். அதைத் தாண்டினால் போலி. பின்பக்கம் சின்னக் கிரீடம் வாட்டர்மார்க் (காகிதத்துக்குள்ளேயே பதிந்த குறி). கருப்புத் தட்டில் தலையைக் கவிழ்த்து வாட்டர்மார்க் திரவம் சில சொட்டு விட்டால் தெரியும். அதே சமயம் இன்னொன்றும் தெரியும்: காகிதம் மெலிந்த இடமும் மடிப்பும் கருமையாக எழும். ஓரத்தில் தனிக் காகிதம் ஒட்டி 'நாலு ஓரம்' ஆக்கியிருந்தால் ஒட்டுக்கோடும் இதில்தான் சிக்கும். (கிராவ்யூர் முறையில் அச்சான இருபதாம் நூற்றாண்டுத் தலைகளுக்கு இந்தத் திரவம் ஆகாது, சிலவற்றில் மை கரையும்.)

பயன்படுத்தாத தலை வாங்கப் போனால் பசைதான் எல்லாம். ஹிஞ்ச் (ஆல்பத்தில் தலையை ஒட்டும் சிறு பசைக்காகிதம்) தடம் இல்லாத பசைக்கு விலை அதிகம் என்பதால் பழைய தலைக்குப் புதுப் பசை தடவுகிறார்கள். கண்டுபிடிக்க வழி: அசலில் முதலில் பசை, பிறகு துளை. ஆகவே பல் நுனிகளில் நார் மெத்தென்று பிரிந்திருக்கும். பின்னால் தடவினால் பசை நுனிக்குள் இறங்கிக் காய்ந்து, விரலில் முள் போல உறுத்தும். பல்லையும் திருத்துவார்கள். பல் அளவுகோல் 2 செமீ-க்கு எத்தனை பல் என்று காட்டும். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒத்துவருகிறதா, தலையின் அகலம் அதே வகைத் தலைகளை விடக் குறைகிறதா என்று பாருங்கள்.

ஆனால் காகிதமும் வாட்டர்மார்க்கும் பல்லும் சரி, ஆகவே அசல் என்று முடிவுகட்டாதீர்கள். ஜான் டி ஸ்பெராட்டி செய்தது இதைத்தான்: மலிவான அசல் தலையை எடுத்து, அச்சை வெளுத்து, அதே காகிதத்தில் விலையுயர்ந்த தலையை அச்சடித்தார். 1954-இல் பிரிட்டிஷ் தபால்தலைச் சங்கம் அவருடைய சரக்கையும் கருவிகளையும் விலை கொடுத்து வாங்கிச் சந்தையிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. ஆக, விலை கொஞ்சம் உயர்ந்தாலே லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டி, நியூயார்க் ஃபிலாடெலிக் ஃபவுண்டேஷன் போன்ற குழுக்களின் சான்றிதழ் வேண்டும், அதுவும் சமீபத்தியதாக.

சேகரிப்பில் மூலையில் மட்டும் அழகாக முத்திரை விழுந்து, பின்னால் பசை அப்படியே இருக்கும் பளபளப்பான தலைகள் இருந்தால் அவை தபாலில் போனவையே அல்ல, விற்பதற்காகவே முத்திரை குத்தியவை. 1960, 70-களில் அஜ்மான் போன்ற இடங்களின் பேரில் வந்தவை மூட்டை மூட்டையாக இருக்கின்றன. எடைக்கு எடைதான்.

உறையோடு இருப்பதைத் தண்ணீரில் போட்டுப் பிரித்துவிடாதீர்கள். உறை, முத்திரை, தேதி, வழி, கட்டணம் எல்லாம் சேர்ந்ததுதான் பொருள்.

---

மைத்தடம்:

கடிதத்துக்கு ஒரு புறஊதா விளக்கு போதும், முதல் கட்டத்தைத் தாண்டலாம். இருட்டறையில், பக்கத்தில் இன்றைய பிரிண்டர் தாள் ஒன்றை வைத்து இரண்டையும் பாருங்கள். வெளுப்பூட்டும் ரசாயனம் காகிதத்தில் பரவலானது 1950 வாக்கில். 1934 கடிதம் நீலவெள்ளையாக ஜொலித்தால் காகிதமே பிந்தியது. ஜொலிக்காவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை. பழைய புத்தகங்களின் வெற்றுத் தாளைக் கிழித்து அதில் எழுதுவது இந்தத் தொழிலில் பழைய வித்தை.

பிறகு கையெழுத்தை லென்ஸில். பவுண்டன் பேனா என்றால் அழுத்திய இடத்தில் நிப்பின் இரு முனையும் விரிந்து, இரண்டு ஓரமும் கருமையாக, நடுவே வெளிறி இருக்கும். மை நாரோடு இழுத்துப் படர்ந்திருக்கும். ரப்பர் முத்திரையில் பள்ளமே இருக்காது, ஓரங்களில் மை பிதுங்கியிருக்கும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. கோடு நடுங்கி, போகிற வழியில் நின்று நின்று தொடங்கினால் பார்த்து வரைந்தது. பந்துமுனைப் பேனா என்றால் 1934-க்கு வாய்ப்பே இல்லை. கடைகளுக்கு வந்ததே 1945 வாக்கில்.

இதற்கெல்லாம் பிறகும் ஒரு சிக்கல் நிற்கும்: செயலாளர் போட்ட கையெழுத்து. காகிதம், மை, தேதி எல்லாம் அசல், கை மட்டும் வேறு. அதே வருடத்தைச் சேர்ந்த, சந்தேகமில்லாத பத்துப் பன்னிரண்டு மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். இளமைக் கையெழுத்தை முதுமையோடு ஒப்பிடுவது வீண். விற்பவரே அச்சடித்த சான்றிதழுக்கு அந்தத் தாளின் விலைதான். அமெரிக்காவில் எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்று விளையாட்டு வீரர்களின் போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தபோது, அந்தச் சரக்குகள் சான்றிதழோடுதான் விற்கப்பட்டிருந்தன. யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்த ஏலத்தில் எந்த எண், பழைய ரசீது: இதைக் கேளுங்கள். இந்தச் சங்கிலி இல்லாத கையெழுத்தை முதலீட்டுக்கு வாங்காதீர்கள்.

---

புதுஆல்பம்:

விளக்கில் பார்த்தேன். பிரிண்டர் தாள் பளீர் நீலம்; கடிதமும் கிட்டத்தட்ட அதே அளவு ஜொலிக்கிறது. முடிந்தது கதை போலிருக்கிறது. நான்கு மோர்கனும் சவரனும் மட்டும் கேட்கலாமா? பெட்டி கேள்விக்கும் யாராவது பதில் சொல்லுங்களேன்.

---

ஈரமானி:

ஒரே பெட்டி கூடாது. உலோகத்துக்கு எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது, ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே. தபால்தலைக்கும் காகிதத்துக்கும் 45 முதல் 55. சிலிக்கா ஜெல் போட்டுப் பெட்டியை வறட்டிவிட்டால் காசு பிழைக்கும். பசை வெடித்து, தலை சுருளும். 65-ஐத் தாண்டினால் பசை பக்கத்துத் தாளில் ஒட்டும், பூஞ்சை பிடிக்கும், பழுப்புப் புள்ளி விழும்.

காசுக்கு மூடி இறுகும் டப்பா, உள்ளே ஆரஞ்சு நிறம் மாறும் சிலிக்கா ஜெல். நிறம் மாறியதும் 110–120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் மறுபடி உயிர் பெறும். பாக்கெட்டில் சூடுபடுத்தலாம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், சில உறைகள் உருகும். ஈரமானி வாங்கியதும் அப்படியே நம்பாதீர்கள். ஒரு சின்ன மூடியில் சமையல் உப்பைத் தண்ணீர் விட்டுக் கெட்டிக் குழம்பாக நனைத்து, ஈரமானியோடு இறுக்கமான பையில் போட்டு 12 மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் ஆறு கூட்டிப் படியுங்கள். மலிவானவை இப்படித்தான் பிசகும்.

உறைகள்: மைலார், பாலிப்ராப்பிலீன், கடின பாலிஸ்டைரீன் மூன்றும் சரி. பிவிசியா என்று சந்தேகமானால், தாமிரக் கம்பியை இடுக்கியில் பிடித்துச் சிவக்கக் காய்ச்சி, உறையின் ஒரு மூலையைத் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் உள்ளே குளோரின் இருக்கிறது. திறந்த வெளியில் செய்யுங்கள், புகையை முகராதீர்கள். அட்டை உறையில் பின் அடித்தவை என்றால் பின்னைத் தட்டையாக நசுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும். ரப்பர் பேண்டு, கம்பளித் துணி, செய்தித்தாள், ஓக் மர அலமாரி எதுவும் வெள்ளிக்கு அருகில் வேண்டாம்; முதல் மூன்றில் கந்தகம், மரத்தில் அமில ஆவி.

ஆல்பத்தைப் புத்தகம்போல் செங்குத்தாக நிறுத்துங்கள், படுக்கவைத்து அடுக்கினால் கனத்தில் பசை ஒட்டும். வராத ஹிஞ்சைப் பிய்க்காதீர்கள், காகிதத்தின் ஒரு படலமும் சேர்ந்து வரும்.

---

ஏலக்கணக்கு:

நான்கு மோர்கனையும் சவரனையும் உலோக மதிப்போடு ஒட்டிக் கேளுங்கள். மோர்கன் ஒன்றில் சுத்த வெள்ளி 24.06 கிராம், சவரனில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். அன்றைய சந்தை விலையால் பெருக்கினால் அடிமட்டம் கிடைக்கும். அதற்கு மேல் விற்பவர் கேட்பதற்கு ஆண்டோ தரமோ காரணமாகக் காட்டட்டும். 'மொத்தமாகத்தான்' என்று பிடிவாதம் பிடித்தால் 1893-எஸ், கடிதம் இரண்டுக்கும் பூஜ்யம் போட்டுக் கணக்குச் சொல்லுங்கள்.

வாங்கினால் ரசீதில் "பழைய காசு 5" என்று எழுதவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, மின்ட் மார்க், எடை, விலை, போலி என்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பது. இருபக்கப் படமும் ஓரத்தின் படமும் எடுத்து, ரசீதோடு ஒரு நகலை வீட்டுக்கு வெளியே வையுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் நாணயம், தபால்தலைக்குச் சிறு உச்சவரம்புதான் இருக்கும், பாலிசியின் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். பின்னாளில் புராதனக் காசுகள் பக்கம் போனால் ரசீது இன்னும் முக்கியம்: யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்த 1970-க்கு முன்பே அது நாட்டை விட்டு வெளியே வந்தது என்று காட்டும் காகிதம் இருந்தால் பெரிய ஏல வீடுகள் தயங்காமல் எடுக்கும், இல்லாவிட்டால் பல இடங்களில் கேள்விமேல் கேள்வி. 1933 டபுள் ஈகிளிலேயே பத்துக் காசு, அசல் என்று உறுதியான பிறகும், வைத்திருந்தவர்களுக்கு உரிமை இல்லை என்று அமெரிக்க அரசு எடுத்துக்கொண்டது. வழக்கு நடத்தியும் திரும்பக் கிடைக்கவில்லை.